பார்வையாளர் நேரம்: நான்கு முதல் ஐந்து வரை

செவ்வாய்க் கிரகத்தில் நான்காம் குமிழி நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனைக்குத் தினமும் காலை ஏழு மணிக்கு ஓர் ஆக்டோபஸ் காற்றில் நீந்தி வரும். எட்டுக் கையாலும் எட்டுப் பிள்ளைகளோடு தாயம் உருட்டும். வேண்டுமென்றே தோற்கும். அதற்குள் எட்டு ஊசியும் போட்டு முடிந்திருக்கும். முழுக்க ஒளியால் ஆன இந்தப் பிராணிக்குப் பெயர் தேற்றி. வடிவமைத்தவள் ஜெபசீலி.

அந்த வாரம் அவளுக்கு ஒரே கவலை, எட்டு வயது நிறைமதி. இதயத்தில் ஒரு வால்வு மாற்ற வேண்டும். மணிக்கட்டில் கட்டிய அச்சமானி ஒரு நாள் முழுக்க முப்பதுக்குக் கீழே நின்றால்தான் அறுவை இயந்திரம் கத்தியைத் தொடும். பயந்து துடிக்கிற இதயத்தை அது திறக்காது. இரண்டு முறை தள்ளிப் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமையும் தவறினால் பிள்ளை தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜெபசீலிக்குச் சோறு இறங்கவில்லை.

ஆக்டோபஸை யானையாக்கிப் பார்த்தாள், டைனோசராக்கிப் பார்த்தாள். தேற்றியிடம் குறையே இல்லை. நாள் முழுக்க அச்சமானி பன்னிரண்டில் கிடந்தது. மாலை நான்கு மணிக்கு மட்டும் எண்பத்தாறுக்குத் தாவியது. அப்படி என்னதான் நடக்கிறது என்று ஒரு நாள் நான்கு மணிக்குக் கட்டிலோரம் உட்கார்ந்தாள்.

நிறைமதியின் பெரியம்மா பூரணமும் மாமா சங்கரபாண்டியும் ஆரஞ்சுப் பையோடு வந்தார்கள்.

“ஐயய்யோ, பிள்ளை பாதியா போச்சே,” என்றாள் பெரியம்மா.

“எங்க குமிழியில ஒரு பிள்ளை,” என்றார் மாமா. “இதே வால்வுதான். சிரிச்சிக்கிட்டேதான் இருந்தா. உள்ள கூட்டிட்டுப் போனாங்க...” உச்சுக்கொட்டினார். “வேணாம், பிள்ளை முன்னால சொல்லக்கூடாது.”

அச்சமானி எண்பத்தாறு காட்டியது.

வராதீர்கள் என்று சொல்ல வழியில்லை. காற்றுக்கு ரேஷன் வைத்தபோதுகூட வாய் திறக்காத ஜனங்கள், பார்வையாளர் நேரத்தைக் கால் மணி குறைத்ததற்கு மூன்று நாள் மறியல் செய்தவர்கள். ஜெபசீலி வேறு வேலை பார்த்தாள். தேற்றியின் ஒளியிலேயே நிறைமதியைப் போல ஒரு நிழலுரு செய்தாள். பிள்ளை மாதிரியே கேட்கும், பிள்ளை மாதிரியே உணரும். அதைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, நான்கு மணிக்கு நிறைமதியைப் பக்கத்து அறைக்குத் தாயமாட அனுப்பினாள். “கிருமி பயம், தொட்டுப் பேச வேண்டாம்” என்று உறவுகளிடம் சொல்லிவிட்டாள்.

யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. இரண்டே நாளில் மாமா தனக்குத் தெரிந்த ஆறு பேரின் ஆபரேஷன் கதையைச் சொல்லி முடித்தார். ஆறும் பாதியிலேயே நின்றன. பக்கத்து அறையில் நிறைமதியின் அச்சமானி பதினொன்று. வெள்ளிக்கிழமை வால்வு மாறியது, உதட்டில் நிறம் வந்தது. ஜெபசீலி கழிவறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

உறவுகள் விடவில்லை, தேறும் நாட்களிலும் வந்தார்கள். பத்தாம் நாள் நிழலுரு கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அளந்தால் தொண்ணூற்றேழு.

“என்னையும் உள்ள கூட்டிட்டுப் போவாங்களாக்கா?” என்று ஜெபசீலியிடம் கேட்டது.

பயம் ஏறிப்போன அதன் நினைவுத் தட்டை மாற்ற வேண்டும். பயத்தோடு கழற்றினால் பயம் புதுத் தட்டிலும் பதிந்துவிடும். ஆக, அதற்கும் அதே சட்டம்: ஒரு நாள் முழுக்க முப்பதுக்குக் கீழே. நிறைமதிதான் பக்கத்தில் உட்கார்ந்து தாயம் உருட்டினாள். வேண்டுமென்றே தோற்றாள். அச்சமானி இருபத்தெட்டிலேயே நிற்க, இருபத்துமூன்று மணி நேரம் ஓடியது. அப்போது மணி நான்கு.

நிழலுருவின் சங்கதி அதற்குள் வெளியே தெரிந்துவிட்டது. ஏமாற்றியதற்கு உறவுகள் சண்டைக்கு வருகிறார்கள் என்று ஜெபசீலி எழுந்து நின்றாள். பெரியம்மா அவளை ஒதுக்கிவிட்டுக் கட்டிலுக்குப் போனாள். கையில் ஆரஞ்சு.

“ஐயய்யோ, வெளிச்சம் பாதியா போச்சே.”

“எங்க ஆபீஸ்ல ஒரு மெஷின்,” என்றார் மாமா. “இதே தட்டுதான். கழட்டினாங்க... வேணாம், அது முன்னால சொல்லக்கூடாது.”

இருபத்தெட்டு ஐம்பதானது. ஜெபசீலி தலையில் கைவைத்துக்கொண்டாள். நிறைமதி தாயக்கட்டையைக் கீழே வைத்தாள்.

“கழட்டினாங்க, அப்புறம் என்னாச்சு மாமா?”

அந்த அறையில் இதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. மாமா விழித்தார்.

“என்னாச்சுன்னா? மாட்டினாங்க. இப்பவும் ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.”

“வால்வு மாத்தின அந்தப் பிள்ளை?”

“அவளா? மறு மாசமே ஸ்கூலுக்குப் போயிட்டா. ஓட்டப் பந்தயத்துல கப்பு வாங்கினா.”

“அதை ஏன் மாமா அன்னைக்கே சொல்லல?”

சங்கரபாண்டி உண்மையிலேயே குழம்பிப்போனார். பூரணத்தைப் பார்த்தார். அவளுக்கும் விளங்கவில்லை.

“நல்லா ஆயிட்டதுல,” என்றார் மாமா, “சொல்றதுக்கு என்னம்மா இருக்கு?”