பகா எண்ணுக்கு நாற்பது நிமிடம்

மகனுக்குப் பெண் பார்க்க வந்த தெய்வநாயகம் காபியைத் தொடவில்லை. மாதங்கியின் பிறப்பெண்ணை விரல்விட்டுக் கூட்டினார்.

“6, 1, 2, 4, 0, 7, 1, 3. மொத்தம் இருபத்திநாலு. அப்போ மூணால வகுபடுது.” டம்ளரை ஒற்றை விரலால் தள்ளிவைத்தார். “பகு எண் வீட்டுல நாங்க கை நனைக்கறதில்லீங்க.”

மாதங்கியின் அம்மா முகம் சுண்டிப்போனது. மாநிலத்தில் எத்தனையாவதாகப் பிறந்த குழந்தை என்கிற வரிசை எண், அவ்வளவுதான் பிறப்பெண். எண்மானி என்றொரு பெட்டி வந்து, ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண்களைக் காட்டிக்கொடுத்ததும் அவர்களெல்லாம் மேல்குடி ஆகிவிட்டார்கள். ஏற்றத்தாழ்வுக்குப் புதுச் சாக்கு கிடைத்தால் நம் ஆட்கள் விடுவார்களா?

மூன்று வருடம் அவளைக் காதலித்த கபிலன், அப்பாவின் பக்கத்தில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்க பையன் 56052361. சும்மா வந்துச்சா? பகா எண் வர்ற வரைக்கும் நாற்பது நிமிஷம் பிரசவத்த நிறுத்திவெச்சேன். இவன் அம்மா துடிச்சா, போய்ச் சேந்துட்டா. ஆனா எண் கெடச்சுதே!”

மாதங்கி கைக்கணியை எடுத்து அந்த எண்ணை வகுக்கத் தொடங்கினாள்.

“என்னம்மா பண்றே? பகா எண்ண வகுத்துப் பாக்கறது குலத்துக்கே அவமானம்!”

அந்த வழக்கத்தால்தான் இத்தனை வருடம் யாருமே வகுத்துப் பார்த்ததில்லை. எண்மானியும் ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்க்காது. ஒரு சிறிய எண்ணைப் பிறப்பெண் அளவு அடுக்குக்கு உயர்த்தி, அதைப் பிறப்பெண்ணால் வகுத்த மீதி அதே சிறிய எண்ணாக வந்தால் ‘பகா’ என்று சொல்லிவிடும். சில பகு எண்களும் அந்தச் சோதனையில் தேறிவிடும் என்பது பிறப்பெண் பதிவகத்தில் வேலை பார்க்கும் அவளுக்குத் தெரியும்.

கைக்கணியை அவர் முன்னால் வைத்தாள். 56052361 = 211 × 421 × 631.

தெய்வநாயகம் தானே ஒருமுறை பெருக்கிப் பார்த்தார். நெற்றி வியர்த்தது. செத்துப்போன மனைவிக்காக அழப்போகிறார் என்று நினைத்தாள்.

அவர் குரலைத் தாழ்த்தினார். “இது நமக்குள்ளயே இருக்கட்டும்மா. ரெண்டு பேரும் பகு எண்தானே, தேதி குறிச்சிடலாம். பேரனுக்கு நல்ல எண்ணா பாத்துக்கலாம். நீ திடமாத்தான் இருக்கே, ஒரு மணி நேரம்னாலும் தாங்குவே.”

கபிலன் அப்போதுதான் நிமிர்ந்தான். அப்பாடா என்று அவளைப் பார்த்துச் சிரித்தான்.

“ரெண்டு பேரும் எந்திரிச்சு வெளிய போங்க,” என்றாள் மாதங்கி.