உடம்புச் சூடு

"வெக்கையில போட்டுக் கொன்னுட்டேன்னு நீதானடி சொன்னே..."

"சொன்னேன், இப்ப எதுக்கு அதைக் கிளறிக்கிட்டு..."

"அப்ப இது என்ன? பட்டாணிப் பொட்டலத்துக்குப் பின்னால?"

ஐஸ் எடுக்க ஃப்ரீசரைத் திறந்த அக்காவின் கையில் விரல் நீளக் கண்ணாடிக் குழாய். காலி. அடியில் மட்டும் செங்கல் பொடி போலக் கொஞ்சம் நிறம். பயிர்நோய் ஆய்வுக்கூடத்தில் அக்காவும் தங்கையும் ஒரே மேஜையில் வேலை பார்ப்பவர்கள். அங்கே வளர்த்த துரு நோய்ப் பூஞ்சை, பயிரின் இலையை விட்டுவிட்டு ரப்பர் கையுறையில் முளைத்ததைப் பார்த்த அன்றே, அதன் வித்துகளை அழித்துவிடுவதென்று பேசி முடித்திருந்தார்கள். புழுக்கமான சாமான் அறையில் ஒரு கோடை கிடந்தால் செத்துவிடும். உறைகுளிரில் வைத்தால் வருஷக்கணக்கில் தூங்கும்.

"சாகவிட மனசு வரலைக்கா. தூங்கிட்டுத்தானே இருந்துச்சு, உன்னை என்ன பண்ணுச்சு?" அடுப்பிலிருந்து வெந்நீரை இறக்கினாள் தங்கை.

"குழாய் காலியா இருக்கே."

"எழுப்பிட்டேன்."

ஜன்னலில் வழியும் மழையின் ஓசைக்கும் ஃப்ரிட்ஜின் முனகலுக்கும் நடுவே, ஒரு வாரமாகத் தலையணையிலிருந்து வருவதாக அவள் நினைத்திருந்த அந்த ஈர வைக்கோல் வாசனை, தன் மூச்சிலிருந்தே வருவதை அக்கா மெல்ல உணர்ந்தாள். உறைந்த வித்து தானாக முளைக்காது. எழுப்ப வேண்டும். வெதுவெதுப்பான நீரில் முக்கி.

வெதுவெதுப்பான நீர்.

இருமலுக்கு நல்லதென்று தினமும் தங்கை நீட்டிய தேன் கலந்த டம்ளர். "ஆறிடப் போகுது, ஒரே மடக்கா குடி." அம்மா போன பிறகு தன்னை இப்படி யாரும் தாங்கியதில்லை என்று பக்கத்து வீட்டில் அக்கா பெருமை வேறு பேசியிருந்தாள்.

"கசக்கவே இல்லைன்னு சொன்னியேக்கா," என்றாள் தங்கை. "அதுக்கு இலை பிடிக்கலை. சூடா, ஈரமா ஒரு இடம் கேட்டுச்சு."

தொண்டை அரித்தது. கண்ணாடி போலப் பளபளத்த எஃகுத் தட்டை அக்கா எடுத்தாள். வாயைத் திறந்தாள். நாக்கின் அடியில் கொப்புளங்கள். செம்மஞ்சள். வரிசை வரிசையாக. ஒன்று வெடித்தது. தட்டெல்லாம் பொடி.

தங்கை பதறவில்லை. எப்போதும் போல நெற்றியில் புறங்கை வைத்துப் பார்த்தாள். எப்போதும் போலத் தெர்மாமீட்டரை உதறி அக்காவின் அக்குளில் செருகினாள். அதே பாசமான கை.

"தினமும் பார்த்தியே," என்றாள் அக்கா. பேச்சோடு பேச்சாகப் பொடி பறந்து தங்கையின் இமைகளில் படிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

"காய்ச்சல் இறங்கணும்னு பார்த்தியா, இறங்கிடக் கூடாதுன்னு பார்த்தியா?"