நனையாத சாக்கு

அந்த வீட்டில் எதுவும் நனையாது. சாம்பார் கொட்டினால் உருண்டோடிவிடும். துணி துவைக்க வேண்டாம், பாத்திரம் தேய்க்க வேண்டாம். எல்லாம் விஞ்ஞானி சிதம்பரநாதன் கண்டுபிடித்த நீர்விலக்கியின் மகிமை. தங்கை கோமதியின் மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீராக அவள் வீடு முழுக்க அதையே அடித்துக் கொடுத்திருந்தார். கால்மிதியைக்கூட விடவில்லை மனுஷன்!

“தண்ணி மூலக்கூறுல ஒரு பக்கம் நேர்மின், மறுபக்கம் எதிர்மின். பருத்தியோ கண்ணாடியோ, எதிர்மின் எங்க இருந்தாலும் போய்ப் பிடிச்சுக்கிடும். அதான் ஈரம். நம்ம பூச்சுல பிடிக்க இடமே கிடையாது. தன்னையே பிடிச்சுக்கிட்டு உருண்டிரும். ஒருக்கா அடிச்சா ஆயுசுக்கும் போகாது!” என்று முற்றத்தில் முழங்கினார்.

மதில் மேல் எட்டிப் பார்த்து, “என்ன ரோசம்மா, இன்னுமா துவைக்கிய?” என்று வேறு கேட்டார். சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். பக்கத்து வீட்டு ரோசம்மாள் ஈரப் போர்வையைக் கொடியில் போட்டாள்.

அப்போதுதான் அடுக்களையில் கேஸ் குழாய் பற்றிக்கொண்டது. அடைக்கப் போன கோமதியின் கை வெந்துவிட்டது.

“அண்ணே, ஈரச் சாக்கு!”

சிதம்பரநாதன் சாக்கைத் தொட்டியில் முக்கி எடுத்தார். மொடமொடவென்று காய்ந்தே இருந்தது. காலால் மிதித்து முக்கினார். அப்போதும் அப்படியே. துண்டு, வேட்டி, கால்மிதி, எதுவும் நனையவில்லை. ஐயோ, எல்லாமே அவர் கொடுத்த சீர். தீ சிலிண்டரை நெருங்கியது.

மதிலேறிக் குதித்து வந்தவள் ரோசம்மாள்தான். சொட்டச் சொட்ட அந்தப் போர்வையைப் போர்த்தி அமுக்கி, சிலிண்டரை அடைத்தாள். தீ அணைந்தது.

கோமதி வெந்த கையைக் குழாயடியில் நீட்டினாள். தண்ணீர் முத்து முத்தாய் உருண்டது. தோலில் தங்கவே இல்லை. காலையில் தன் கையோடு அந்தக் கையிலும் ஆசையாகப் பூசிவிட்டவர் அண்ணன்தான். ரோசம்மாள் போர்வையின் ஈர நுனியை அவள் கையில் சுற்றினாள்.

சிதம்பரநாதனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. சிரித்த சொந்தக்காரர்கள் இப்போது அவரையே பார்த்தார்கள்.

“ரோசம்மா, போர்வையை நானே துவைச்சுத் தாரேன்.”

“ஒங்க கையிலதான் தண்ணி நிக்காதே சார்.”

குத்தலாகச் சொல்லவில்லை அவள். அதுதான் அவரைச் சுட்டது.

“அண்ணே, எரியுதுண்ணே. இந்தப் பூச்சை எப்படி எடுக்கது?” என்றாள் கோமதி.

அவர் தலை நிமிரவில்லை.

“போகாதும்மா” என்றார்.