மக்டலீனின் வேட்டை உடுப்பு

பின்வீட்டில் குடியிருப்பவர்களுக்கு ஒரு கரைச்சல் உண்டு. தெருவுக்குப் போக வேண்டுமென்றால் முற்றத்தைக் கடந்துதான் போக வேண்டும். மழையோ பனியோ, வேறு வழி கிடையாது. வுப்பர்டாலில் பத்து வயது றீற்றாவின் வீடும் அப்படி ஒரு பின்வீடுதான்.

அந்த முற்றத்தின் கடைசிச் சுவரோரம் வைக்கோல் கட்டுகளை அடுக்கி வைத்து, கீழ்வீட்டு மக்டலீன் அம்பு விட்டுப் பழகினாள். அவள் முடிதிருத்தும் கடையில் வேலை செய்பவள். ஜெர்மனியில் வில்லால் வேட்டையாடச் சட்டம் இடம் கொடுக்காது. அதனால் ஒக்டோபரில் கனடாவிலிருக்கும் அண்ணனிடம் போய், அவனோடு மான் வேட்டைக்குப் போகவிருந்தாள்.

கோடை முழுவதும் அவளுக்கு ஒரே ரசிகன் றீற்றாவின் தம்பி கிறிஸ்தோப்பர்தான். ஐந்து வயது. கயிறு கட்டிய எல்லைக்குப் பின்னால் காலை மடக்கிச் சப்பாணி கட்டிக்கொண்டு இருப்பான். அம்பு வட்டத்தில் குத்தினால் கைதட்டுவான். சுவரில் பட்டால் இன்னும் பலமாகத் தட்டுவான்!

செப்டம்பரில் பயிற்சி மாறியது.

"காட்டில் வட்டமா வந்து நிற்கும்?" என்று சிரித்தாள் மக்டலீன். சாக்குக்குள் வைக்கோல் அடைத்து ஒரு மான் செய்தாள். கால்கள் சரியாக வரவில்லை. பார்க்க ஆடு மாதிரித்தான் இருந்தது. மரத்தில் ஏறியிருந்து எய்ய வேண்டும் என்பதால் ஏணியின் மேல் ஒரு பலகையைக் கட்டினாள். மான் விடியலில் மேய வரும் என்பதால், கடைக்குப் போகுமுன் காலையிலேயே பழகினாள். கடைசியில் வேட்டை உடுப்பையும் போட்டுக்கொண்டாள். பச்சையும் மண்ணிறமும் திட்டுத்திட்டாகக் கலந்த தடித்த சட்டை, காற்சட்டை, காலில் சப்பாத்து, தலையில் தொப்பி.

அன்று காலை கிண்டர்கார்டனுக்குப் புறப்பட்ட கிறிஸ்தோப்பர் கடைசிப் படியில் அப்படியே நின்றான். பிறகு திரும்பி ஓடினான். றீற்றா மூச்சிரைக்க மேலே வந்தபோது அவன் கட்டிலுக்கு அடியில் இருந்தான்.

"ஆமிக்காரன் வந்திட்டான்," என்றான். "கதவைப் பூட்டுங்கோ!"

"அது மக்டலீன், தம்பி. எங்கடை மக்டலீன்."

"இல்லை. ஆமி."

ஜெர்மனிக்கு வருமுன், ஊரில் ஒருநாள் விடிய, அதே நிறத்து உடுப்போடு இராணுவத்தினர் வீட்டுக்குள் வந்து சித்தப்பாவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். சித்தப்பா திரும்பி வரவேயில்லை. அப்போது கிறிஸ்தோப்பருக்கு மூன்று வயது. அவன் மறந்திருப்பான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். றீற்றா தானும் மறந்துவிட்டதாகவே நினைத்திருந்தாள். இப்போது அவளும் எழுந்துபோய்க் கதவைப் பூட்டினாள்.

அடுத்த நாளும் அவன் வெளியே வரவில்லை. அதற்கடுத்த நாளும் அதே கதைதான். இரண்டு வாரம் இப்படியே போயிற்று. வெள்ளிக்கிழமை கிண்டர்கார்டனிலிருந்து கடிதம் வந்தது. றீற்றாதான் அம்மாவுக்கு வாசித்துச் சொன்னாள்.

"திங்கட்கிழமையும் வராட்டில், இவன்ரை இடத்தை வேறை பிள்ளைக்குக் குடுத்திடுவினமாம்."

அம்மா புஷ்பராணி தலையில் கை வைத்தாள். எட்டு மாதம் காத்திருந்து கிடைத்த இடம்!

"அம்மா, நான் மக்டலீனிட்டைச் சொல்லட்டே?"

"வாயைத் திறவாதை, பிள்ளை! எங்கடை அன்ட்ராக் இன்னும் கந்தோர் மேசையிலை கிடக்குது. அயலட்டையோடை கொழுவிற ஆக்கள் எண்டு ஒரு கடிதம் போச்செண்டால் முடிஞ்சுது. திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

அரசாங்க அலுவலகத்தில் கொடுத்திருந்த அகதி விண்ணப்பத்தைத்தான் அம்மா அன்ட்ராக் என்று சொன்னாள். அதை நினைத்து நினைத்தே அவள் முற்றத்தில் காலடிச் சத்தம் கேட்காமல் நடப்பாள். இந்த இரண்டு வாரமும் மக்டலீனைக் கண்டால் தலையையும் குனிந்துகொண்டாள்.

றீற்றா நன்றாக யோசித்தாள். சண்டைக்குப் போய்க் கொழுவுவது வேறு, சொல்வது வேறு. வாய் இருக்கிற பிள்ளைதான் பிழைக்கும். சனிக்கிழமை பின்னேரம் குப்பை வாளியோடு கீழே போனாள்.

மக்டலீன் வேட்டைச் சட்டையோடு நின்று மானின் காலைத் தைத்துக்கொண்டிருந்தாள். அவளே முதலில் கேட்டாள்.

"றீற்றா, உன் அம்மா என் முகத்தைப் பார்ப்பதேயில்லை. தம்பியும் வருவதில்லை. மானைக் கொல்லப் போகிறேன் என்று கோபமா? நீங்கள் இறைச்சி சாப்பிட மாட்டீர்களா?"

"ஐயோ, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆட்டுக்கறி சாப்பிடுவோம்!" என்றாள் றீற்றா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சித்தப்பாவைப் பற்றியும் சொன்னாள். கிண்டர்கார்டன் கடிதத்தைப் பற்றியும் சொன்னாள்.

மக்டலீன் குனிந்து தன் சட்டையைப் பார்த்தாள். முகம் வாடிப்போயிற்று. "இனி இதைப் போட மாட்டேன்," என்றாள்.

"போடாமல் பழகினால் என்ன?"

"சட்டையின் தடித்த கை வில்லின் நாணில் தட்டும். அது பழகாவிட்டால் குறி தப்பும். மான் காயத்தோடு ஓடும். அது பாவம். பரவாயில்லை, நான் இந்த வருடம் போகவில்லை."

றீற்றா தலையாட்டினாள், வேண்டாம் என்று. மக்டலீன் சட்டையை ஒளித்து வைக்கலாம். நாளைக்குத் தெருவில் வேறு யாராவது பச்சைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தால், தம்பி எந்தக் கட்டிலுக்கு அடியில் ஓடுவான்?

"நாளைக்குச் சாதாரண உடுப்போடு வாருங்கள்," என்றாள். "வேட்டை உடுப்பை ஒவ்வொன்றாகக் காட்டி, அவன் சம்மதித்து 'ஓம்' என்றால் மட்டும் போடுங்கள். 'வேண்டாம்' என்றால் கீழே வைத்துவிட வேண்டும். உடனே."

மக்டலீன் அந்த இரண்டு தமிழ்ச் சொற்களையும் பலமுறை சொல்லிப் பழகினாள். அம்பு விடுவதைவிட அது கஷ்டமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும், றீற்றா தம்பியை யன்னலோரக் கதிரையில் ஏற்றினாள். கீழே மக்டலீன் நீலச் சட்டையோடு நின்றாள். கையில் ஒரு சப்பாத்தைத் தூக்கிக் காட்டி, "ஓமோ?" என்று கத்தினாள்.

அம்மா ஓடி வந்தாள். "என்ன வேலை பார்த்தனி, பிள்ளை?"

அதற்குள் மக்டலீன் மேலே பார்த்து அம்மாவுக்கும் கையசைத்தாள். அம்மாவின் கை பாதி வரை எழும்பி நின்றது.

கிறிஸ்தோப்பர் சப்பாத்தை வெகுநேரம் பார்த்தான். "ஓம்," என்றான். மக்டலீன் போட்டுக்கொண்டு ஓர் அம்பு விட்டாள். அடுத்த சப்பாத்துக்கும் ஓம். காற்சட்டைக்கும் ஓம். சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"வேண்டாம்!"

அவள் உடனே கீழே வைத்தாள். திரும்பத் தூக்கினாள். திரும்பவும் வேண்டாம். திரும்பவும் கீழே வைத்தாள். உண்மையாகவே கேட்கிறாளா என்று பார்க்க, மூன்றாம் முறையும் வேண்டாம் என்றான். அந்த உடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பெரிய ஆள் அவனுடைய சொல்லுக்காகக் காத்து நின்றாள். அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஒரு கை மட்டும்," என்றான்.

றீற்றா அதை ஜெர்மனில் கத்திச் சொன்னாள். ஒற்றைக் கைச் சட்டையோடு விட்ட அம்பு மானின் வாலடியில் குத்தியது. அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கறி கொதித்து இறங்குமுன் மற்றக் கைக்கும் ஓம் கிடைத்தது. தொப்பிக்கு மட்டும் கடைசி வரை வேண்டாம்தான்.

திங்கட்கிழமை முடிதிருத்தும் கடைகளுக்கு விடுமுறை. காலையில் மூன்று பேரும் இறங்கி வந்தபோது மக்டலீன் வேட்டை உடுப்போடு ஏணிப் பலகையில் இருந்தாள். தொப்பி போடவில்லை. அவர்களைக் கண்டதும் வில்லைக் கீழே வைத்துவிட்டு இறங்கி நின்றாள்.

கிறிஸ்தோப்பர் கடைசிப் படியில் நின்றான். அவன் விரல்கள் றீற்றாவின் கையை இறுக்கின. யன்னலிலிருந்து பார்ப்பது வேறு, பக்கத்தில் நின்று பார்ப்பது வேறு. றீற்றா அவனை இழுக்கவில்லை. அவசரப்படுத்தவுமில்லை. அம்மா வாய்க்குள் ஜெபம் சொன்னாள்.

அவன் ஓரடி வைத்தான். பிறகு இன்னோரடி. மக்டலீனுக்கு முன்னால் போய் நின்று, சப்பாத்திலிருந்து கழுத்து வரை அண்ணாந்து பார்த்தான்.

"அக்கா, மேல் பொத்தான் பூட்டேல்லை," என்றான். "குளிரிலை தடிமன் பிடிக்கும். பூட்டச் சொல்லு."

றீற்றா ஜெர்மனில் சொன்னாள். மக்டலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பொத்தானைப் பூட்டினாள்.

"குட்டன் மோர்கன், மக்டலீன்," என்றாள் அம்மா. முற்றம் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகவே சொன்னாள்.

"இனிப் போவம்," என்ற கிறிஸ்தோப்பர், அக்காவின் கையை இழுத்துக்கொண்டு முன்னால் நடந்தான்.