இடி ஓயும் வரை

மாலைச் சங்கு ஊதியதும் கோபிச்செட்டிபாளையத்தில் வீட்டுக்கு வீடு ஒரே வேலைதான். கொடியில் காயும் துணியை எடுப்பதெல்லாம் அப்புறம். முதலில் மனைக்கணினியின் இரண்டு வயர்களையும் பிடுங்க வேண்டும், கரண்ட் வயரையும் கேபிளையும். வானம் சூடேறிப்போன நாளிலிருந்து தினமும் இடிதான். கரண்ட் போனால் பேட்டரி தாங்கும்; கேபிளைப் பிடுங்கினால்தான் கணினி ஊமையாகிவிடும். ஆனால் மின்னல் கேபிள் வழியாகவும் வீட்டுக்குள் வரும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

வயதான ஹர்ஷினிக்கும் தெரியும். ஆனாலும் வயரைப் பிடுங்குவதைக் கடைசி நிமிடம் வரை தள்ளிப்போடுவாள். கணவர் கவினின் மறதிக்கு அந்தக் கணினிதான் மருந்து. காதில் செருகிய நினைவுத்துணை வழியே, எதிரில் நிற்பது யார் என்று அது அவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பழைய சங்கதிகள் அவர் தலையிலேயே பத்திரமாக இருந்தன; இன்றைய முகங்கள்தான் தங்கவில்லை. ஒருவரின் நினைவை நகலெடுத்து வைக்கச் சட்டம் இடம் கொடுக்காது. ஆகவே மாற்றுக்கு வேறு கணினியும் கிடையாது; இடி ஓயும் வரை அவள் அவருக்கு யாரோ ஒருத்தி.

"நீங்க யாருங்க?" என்பார்.

"பக்கத்து வீடுங்க. மழைக்கு ஒதுங்குனேன்" என்பாள். பொய்தான். ஒருமுறை உண்மையைச் சொல்லி, அவர் மிரண்டுபோய் அறைக்குள் தாழிட்டுக்கொண்டதைப் பார்த்தவள் அவள்.

அன்று சங்கு ஊதியபோது கவின் நல்ல குஷியில் இருந்தார்.

"ஏம்புள்ள, உன்னைப் பொண்ணு பார்க்க வந்தன்னிக்கு நான் காபியைத் தொடவே இல்ல. ஏன்னு தெரியுமா?"

கல்யாணமான நாள் முதல் அவள் கேட்டுக் கேட்டு அலுத்த கேள்வி அது. மனுஷன் சிரித்தே மழுப்பிவிடுவார். அவள் கரண்ட் வயரை மட்டும் பிடுங்கினாள்.

"கேபிளையும் புடுங்கு புள்ள."

"சொல்லுங்க, கேட்டுப்போட்டுப் புடுங்கறேன். ஒரு நாளைக்கு ஒண்ணும் ஆயிராது."

அவர் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தார். வீடே வெளுத்தது. கணினியிலிருந்து கருகல் வாடை வந்தது.

பாழும் ஆசை! ஒரு வாய்ப் பேச்சுக்கு எல்லாவற்றையும் பணயம் வைத்தோமே என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பழுது பார்க்க வந்தவர் உதட்டைப் பிதுக்கினார். புதுக் கணினி கிடைக்கும். ஆனால் எரிந்துபோனது, நினைவு நன்றாக இருந்த காலத்தில் கவினே பேசிப் பேசிப் பழக்கியது. புதியதற்குச் சொல்லித்தர அவரிடம் இனி என்ன இருக்கிறது?

மறுநாள் காலை அவள் இரண்டு டம்ளர் காபியோடு கூடத்துக்கு வந்தாள். கவின் மரியாதையாக எழுந்து நின்றார்.

"வாங்கம்மணி. நீங்க யாருங்க?"

"பக்கத்து வீடுங்க. மழைக்கு ஒதுங்குனேன்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டார். காபியை வாங்கும்போது அவர் கை நடுங்கியது.

"ஒரு பொண்ணைப் பார்க்கப் போனப்பவும் இப்படித்தானுங்க. அவளைப் பார்த்ததுமே கை நடுங்கிருச்சு. கொட்டிப்போட்டா சிரிப்பாளேன்னு காபியைத் தொடவே இல்ல. இன்னிக்கு வரைக்கும் அவகிட்ட சொல்லலீங்க."

"சொல்லிப்போடுங்க" என்றாள் ஹர்ஷினி.

"அவ வரட்டுங்கம்மணி, சொல்றேன்" என்று அவர் வாசலைப் பார்த்து உட்கார்ந்தார்.