ஆழம் மட்டும் போதும்

எதை வாங்கினாலும் கடையிலேயே பெரியது எதுவோ அதைக் கைகாட்டுகிற மனிதன் கோவர்த்தனன். டிவி என்றால் சுவரை அடைக்க வேண்டும். மிக்சி என்றால் கல்யாணச் சமையலுக்கு ஆகவேண்டும். அப்படிப்பட்டவன் அன்றைக்குத் திருப்பதியில், தூண்டில் சாமான் விற்கும் ஜெபகுமாரின் கடையில், கண்ணாடி மேசைமேல் வரிசையாக வைத்திருந்த, படகில் மாட்டி ஆழம் பார்க்கும் மூன்று கருவிகளில் ஆகச் சின்னதை எடுத்து, "இது போதும்" என்றான்.

சுலோசனா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். தலைக்குமேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவன் காது ஓரத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

படகு அவள் தம்பி மணிவேலுடையது. ஸ்ரீ சிட்டியில் அவன் வேலை பார்த்த கம்பெனியின் வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர், ஊருக்குத் திரும்பும்போது அவனிடம் விட்டுப்போன ஃபைபர் படகு. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அக்காவும் தம்பியும் நகரிக்குக் கிழக்கே இருக்கிற அணையில் படகை இறக்கி, தூண்டிலைப் போட்டுவிட்டு, மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருப்பார்கள். இன்ஜினைக் கிளப்பவும் திருப்பவும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். காளஹஸ்தியில் அவள் வாங்கிப் போட்ட செம்புக் காப்பு அவன் மணிக்கட்டில் தொளதொளவென்று கிடக்கும். படகின் விளிம்பில் கையை வைத்தால் டக்கென்று தட்டும். "மீன் ஓடிடும்டா, கையை எடு" என்று அவள் திட்டாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

ஆடி மாதத்தில் ஒரு காலையில் மாமனும் மச்சானும் மட்டும் படகில் போனார்கள். மாமன் மட்டும் திரும்பி வந்தான். அக்கா தம்பி பேரில் இருக்கிற நிலத்தை விற்கிற பேச்சில் வாய்ச்சண்டை ஆகிவிட்டது, மணி கரையில் இறங்கி அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டான், குஜராத்தில் ஏதோ கம்பெனியில் வேலையாம் என்றான். சுலோசனா அழுதாள். அதன்பிறகு தம்பியின் எண்ணிலிருந்து சின்னச் சின்னதாகச் செய்தி வந்தது. நல்லா கீறேன்க்கா. வேலை ஜாஸ்தி. அப்புறம் பேசறேன். கூப்பிட்டால் எடுப்பதில்லை. கோபக்காரப் பிள்ளை, ஆறட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

தண்ணீருக்கு அடியில் இருப்பதைக் காட்டுகிற இந்தக் கருவிக்கு ஆசைப்பட்டவனும் அவன்தான். பொங்கலுக்கு வரும்போது படகில் இது மாட்டியிருப்பதைப் பார்த்தால் முறைப்பெல்லாம் போய்விடும். அக்கா என்று ஒரு வார்த்தை கூப்பிட்டுவிடுவான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான், கண்ணுகளா, அவள் அந்தக் கடையில் நின்றுகொண்டிருந்தாள்.

ஜெபகுமார் ஒரு பக்கெட் தண்ணீரில், திரையோடு வயரில் சேர்ந்திருந்த உணர்கருவியைத் தொங்கவிட்டுக் காட்டினான். தண்ணீருக்குள்ளிருந்து மெல்ல ஒரு சத்தம் வந்தது. டிக். டிக். டிக்.

"இவ்ளோதான்க்கா. இது சத்தம் போடும். தரையில பட்டுத் திரும்பி வரும். அண்ணன் கையில வச்சிருக்கறது ஆழத்தை நம்பரா மட்டும் காட்டும். நடுவுல இருக்கறதுல மீன் வளைவு வளைவா தெரியும். இந்தப் பெருசுல அடியில இருக்கற கல்லு, கட்டை எல்லாம் அச்சு அசலா படமாவே தெரியும்."

"இந்தக் கோடுங்க எல்லாம் இன்னா தம்பி?"

"வலது ஓரம்தான் இப்போ. இடது பக்கமா நகர்ந்து போறதெல்லாம் கழிஞ்சு போனது. படகு நின்னுட்டா, கீழ இருக்கற பொருள் நேர்கோடா ஓடிக்கிட்டே இருக்கும். கோடு மேல ஏறுதுன்னா அது மேல வருதுன்னு அர்த்தம்."

சுலோசனா சிரித்தாள். "இவரு ஃபோன்ல கத்தற கத்துக்கு எது மேல வரும்? இருக்கறதும் ஓடிப் போயிடும்."

"அண்ணன் கத்துறது உள்ள இறங்காதுக்கா. காத்துல பேசறது தண்ணிமேல பட்டுத் தெறிச்சு மேலயே போயிடும். உள்ள இருக்கறதுக்குக் கேக்கணும்னா தண்ணிக்குள்ள தலையை விட்டுத்தான் பேசணும்."

கோவர்த்தனன் சிரிக்கவில்லை. "படமெல்லாம் இன்னாத்துக்கு? ஆழம் மட்டும் போதும்" என்றான். பிறகு, வேனை நிழலில் நிறுத்திவிட்டு வருகிறேன் என்று வெளியே போனான்.

அவன் முதுகு மறைந்ததும் சுலோசனா பெரிய பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். "இதையே போடு தம்பி. அவருக்கு நான் சொல்லிக்கறேன்."

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பிரித்தபோது அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தவில்லை. பெட்டிமேல் அச்சிட்டிருந்த படத்தை, நீலத் தண்ணீருக்கு அடியில் வெள்ளையாகத் தெரிந்த ஒரு மரத்தை, நின்று பார்த்துக்கொண்டே இருந்தான். சாயந்தரம் தட்டில் போட்ட சோறு போட்டபடி இருந்தது.

"துன்னாம இன்னா யோசனை?"

"நாளைக்கு நான் போய் மாத்திக்கினு வந்துடறேன், சுலோ."

"மாத்தவும் வேணாம் ஒண்ணும் வேணாம். நாளைக்குப் படகுல மாட்டிப் பாத்துடலாம்."

"அப்ப நான் மட்டும் போறேன். பனி கொட்டுது. உனக்கு ஒத்துக்காது."

"என் தம்பி படகு. நானும் வரேன்."

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தான்.

மார்கழிப் பனி என்றால் அப்படி ஒரு பனி. விடிந்துவிட்டது என்று சொல்லத்தான் வெளிச்சம் இருந்தது, எதையும் காட்டுவதற்கு இல்லை. கரையில் வேப்பமரம் சொட்டிக்கொண்டிருந்தது, பாசியும் நனைந்த சாணமும் பெட்ரோலும் கலந்த வாடை மூக்கிலேயே நின்றது, எங்கேயோ ஒரு நீர்க்காகம் இறக்கையை உதறுகிற சத்தம் காதுக்குப் பக்கத்தில் யாரோ ஈரத்துணியை உதறுவதுபோல் வந்து போனது. படகை இறக்கும்போது சுலோசனா கவனித்தாள். முன்பக்கம் கிடந்த நங்கூரம் புதுசு. கயிறும் புதுசு.

"பழைய நங்கூரம் இன்னா ஆச்சு?"

"கயிறு இத்துப் போச்சு. அறுந்து உள்ள போயிடுச்சு."

அவள் பின்பக்கம் இன்ஜின் அருகே உட்கார்ந்தாள். கருவியின் திரை முழங்காலுக்குப் பக்கத்தில். உணர்கருவி அவள் இருக்கைக்கு நேர் கீழே, தண்ணீருக்குள். அவன் முன்பக்கம், தோள்பையைப் பலகைமேல் கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு. நனையாத பையை எதற்கு அப்படிப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தாள்.

"மேற்கால ஓட்டு. பனைக்கட்டைங்க இருக்கற பக்கம் போவாத."

"அங்கதானே எப்பவும் மீன் கிடக்கும்?"

"போவாதன்னா போவாத!"

மேற்கு எது, கிழக்கு எது என்று அந்த வெள்ளையில் யாருக்குத் தெரியும்? கரை போய்விட்டது. மலை போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் அவளுக்கும் அவனுக்கும் நடுவில்கூடப் பனி வந்து உட்கார்ந்துகொண்டது. திரை மட்டும் தெளிவாக இருந்தது. பதினாலு அடி, பதினாலு, பதின்மூன்று. சேற்றுத் தரை பாய் விரித்த மாதிரி நகர்ந்துபோனது. அதன்பிறகு குட்டையாக ஒரு கட்டை. இன்னொரு கட்டை. மூன்றாவது.

பனைக்கட்டைகள்.

அவள் சொல்வதற்குள் கல் கட்டிய விளிம்பு ஒன்று தெரிந்தது. அதைத் தாண்டித் தரையே இல்லை. இருபது. முப்பத்தைந்து. ஐம்பது.

"ஏங்க! கிணறு! இங்க கிணறு கீதுங்க!" அணை கட்டுவதற்கு முன்னால் இதெல்லாம் வயல் என்று அவளுக்குத் தெரியும். வயலோடு கிணறுகளும் மூழ்கின என்று கேள்விப்பட்டதோடு சரி, கண்ணால் பார்த்ததில்லை. ஆசையில் இன்ஜினை நிறுத்திவிட்டாள். படகு அசையாமல் நின்றது.

டிக். டிக். டிக்.

கிணற்றுக்குள், தரைக்குக் கொஞ்சம் மேலே, வெளிச்சமாக ஒன்று நின்றது. கட்டையாக இருக்கும். நெட்டுக்குத்தாக நின்ற கட்டை. அதன் கீழ்நுனியிலிருந்து மெல்லிய இழை ஒன்று தரைவரை போனது. அவள் கைபேசியில் அதைப் படம் எடுத்து, "உனக்குப் புடிச்ச மெஷின் வாங்கிட்டேன்டா, பாரு" என்று எழுதித் தம்பிக்கு அனுப்பினாள்.

படகு நடுங்கியது.

மிக லேசாக. ஃபைபர் பலகை வழியாக அவள் உள்ளங்காலில் உர்ர் என்று ஒரு நடுக்கம் ஏறி நின்றது.

அவள் காலைப் பார்த்தாள். முன்பக்கம் பார்த்தாள். தம்பியின் எண்ணை அழுத்தினாள். காதில் மணி அடித்தது. காலடியில் பலகை அதிர்ந்தது. காதில் நின்றது. காலடியிலும் நின்றது. இன்னொரு தரம் அழுத்தினாள்.

"அந்தப் பையைத் தொற."

"சுலோ..."

"மணி ஃபோன் உன் பையில இன்னாத்துக்கு இருக்குது?"

பனிக்குள்ளிருந்து பதில் வந்தது. அது அவள் புருஷனின் குரல்போலவே இல்லை.

"நான் தள்ளல. சத்தியமா நான் தள்ளல. பதினாலு அடிதானேன்னு நங்கூரத்தைப் போட்டேன். கீழ கிணறு. யாருக்குத் தெரியும்? கயிறு சரசரன்னு ஓடுச்சு. அவன் கால்ல சுத்திக்கினு அவனையும் இழுத்துடுச்சு. ஃபோன் படகுலயே விழுந்துடுச்சு. ரெண்டு கையாலயும் படகைப் புடிச்சிக்கினு தொங்கினான்."

"கத்தி?"

"இன்னா கத்தி?"

"உன்கிட்ட கத்தி இருந்துச்சா இல்லியா?"

"இருந்துச்சு." மூக்கை உறிஞ்சினான். "நிலப் பத்திரத்துல கையெழுத்துப் போடறேன்னு சொல்லுடான்னேன். சொல்லிட்டா அறுத்துடலாம்னுதான். மாட்டேன்னான். 'மாமா, நீ பண்றது அக்காவுக்குத் தெரியுமா'ன்னு கேட்டான்."

டிக். டிக்.

"நீ இன்னா சொன்ன?"

"பயமுறுத்தலாம்னு சொன்னேன். 'தெரியும்டா. உங்க அக்காதான் அனுப்புனா'ன்னு." அவன் அழத் தொடங்கினான். "அப்படிச் சொன்னதும் என்னையே பாத்தான். கையை விட்டுட்டான்."

நல்லா கீறேன்க்கா. வேலை ஜாஸ்தி. எத்தனை செய்தி. பக்கத்து அறையில் உட்கார்ந்து அத்தனையையும் இந்த விரல்கள்தான் தட்டின. அவள் கன்னத்தைத் துடைத்த அதே விரல்கள். சுலோசனாவுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கண் தானாகத் திரைக்குப் போனது.

வெளிச்சக்கோடு நேராக ஓடவில்லை.

ஏறியிருந்தது. அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரம் முழுக்க, கொஞ்சம் கொஞ்சமாக, மாடிப்படி ஏறுகிற மாதிரி. இழை அதன் பின்னாலேயே நீண்டது. நாற்பது அடி. முப்பத்தாறு.

வலது ஓரம்தான் இப்போ.

"சுலோ, இன்ஜினைப் போடு."

முப்பது.

"போடுடீ!"

இருபது. பன்னிரண்டு. கிணற்றின் விளிம்பைத் தாண்டியது. அவன் பக்கம் போகும் என்று நினைத்தாள். போகட்டும் என்றும் நினைத்தாள். கோவர்த்தனன் முன்பக்கம் பையோடு சுருண்டு கிடந்தான். கோடு அவனிடம் போகவில்லை. உணர்கருவிக்கு நேர் கீழே, அவள் இருக்கைக்கு நேர் கீழே ஏறியது.

ஆமாம். அனுப்பியவள் அவள்தானே. அப்படித்தான் அவனுக்குச் சொல்லியிருக்கிறது.

பத்து.

"மணி, எனக்குத் தெரியாதுடா."

ஏழு.

"எனக்குத் தெரியாதுடா! நான் அனுப்பலடா தம்பி!"

குரல் தண்ணீர்மேல் பட்டது. தெறித்தது. பனிக்குள் போனது. உள்ளே இறங்கவில்லை. உள்ளே இறங்கியது ஒன்றுதான். டிக். டிக். டிக். வா, வா என்று கூப்பிடுவதுபோல.

மூன்று.

கோடு திரையின் உச்சியைத் தொட்டது. அதற்குமேல் காட்ட இடம் இல்லை.

டக்.

விளிம்பில், வெளிப்பக்கம், அவள் இடுப்புக்குப் பக்கத்தில். செம்பு ஃபைபரில் தட்டுகிற சத்தம். ஞாயிற்றுக்கிழமைச் சத்தம்.

கோவர்த்தனன் ஏதோ சொன்னான். அவள் கேட்கவில்லை. சொல்ல வேண்டியது அவளிடம் இருந்தது. கேட்க வேண்டியவன் கீழே இருந்தான். அவள் விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். மூச்சை இழுத்துக்கொண்டாள். முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினாள்.

குளிர். பச்சை இருட்டு. டிக், டிக் என்ற சத்தம் இங்கே பெரிதாக, மண்டைக்குள் ஆணி அறைவதுபோல்.

எனக்குத் தெரியாதுடா, என்றாள். வார்த்தை குமிழியாக உடைந்து மேலே போயிற்று. கண்ணைத் திறந்தாள்.

அவள் முகத்துக்கு நேரே அண்ணாந்தபடி அவன் முகம் இருந்தது, ஒரு சாண் தூரத்தில். கண் இருந்த இடம் இரண்டும் அவளையே பார்த்தன. வாய் திறந்திருந்தது, கேட்ட கேள்வியை மூடாமல்.

இன்னொரு தரம் சொன்னாள். மூச்சு தீர்ந்தது. மேலே எழப் பார்த்தாள்.

பிடரியில் ஒரு கை வந்து படிந்தது. சேறும் ஐஸும் போலச் சில்லென்று. காப்பு அவள் காதோரம் தட்டியது. அந்தக் கை இழுக்கவில்லை.

விடவும் இல்லை.