கோபம் அளக்கும் நாள்

அளவை நாளும் அதுவுமாகக் காலையிலேயே பால்துரை கைபேசியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி எஸ்தருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னைக்கு ஒருநாள் சிரிக்காம இருக்கப்படாதா? சிரிச்சா உள்ள கோவமும் போயிரும்."

"மந்திரி வழுக்கி விழுதான் பாரு," என்று அவர் நீட்டினார். யாரோ செய்த கேலிப்படம். நாட்டில் எதற்குப் பஞ்சம் வந்தாலும் மந்திரிகளைக் கேலி செய்யும் படங்களுக்கு மட்டும் வந்ததில்லை.

ஓட்டுக்குக் காசு, ஜெயித்த மறுநாளே கட்சி மாற்றம் என்று அலுத்துப்போன ஜனங்கள் கேட்டு வாங்கிய இயந்திரம் சினமானி. உள்ளங்கையை வைத்தால் போதும். ரத்தத்தின் கொதிப்பை அளந்து, அரசின் மேல் கோபம் எவ்வளவு என்று நூற்றுக்கு இத்தனை எனச் சொல்லிவிடும். வருஷத்துக்கு ஒருநாள் நாடு முழுக்க அளப்பார்கள். சராசரி ஐம்பதைத் தாண்டினால் டெல்லியில் அன்று மாலையே ஆட்சி கலையும். 'ஓட்டை விற்கலாம், கோபத்தை விற்க முடியுமா?' என்று ஊர்வலம் போனவர்களில் எஸ்தரும் ஒருத்தி. அப்போது அவளுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை. இனி நாடு உருப்பட்டுவிடும் என்று மனசார நம்பினாள்.

அதன்பிறகு ஆட்சி ஒருமுறைகூடக் கலையவில்லை.

தூத்துக்குடிக்குத் தெற்கே இருந்த அவர்கள் தெருவுக்குள் கடல் வர ஆரம்பித்திருந்தது. ஒவ்வொரு அமைச்சரும் வந்து கடற்சுவருக்கு ஒரு அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார். அந்தக் கற்களை வரிசையாக அடுக்கியிருந்தாலே பாதிச் சுவர் எழும்பியிருக்கும். முன்வரிசை வீடுகள் போய்விட்டன. அடுத்த மழைக்காலத்தில் எஸ்தரின் வீடு. இந்த ஆட்சி போனால்தான் சுவர் வரும் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

அதனால் புறப்படுமுன் வீடு வீடாகப் போனாள். பக்கத்து வீட்டு லூர்தம்மாள் வாசலில் மணல்மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"யக்கா, அளக்கும்போது உங்க கட்டிலு கடலோட போனத நெனச்சுக்கோங்க. நல்லாக் கோவம் வரணும்."

"போட்டும், விடு எஸ்தர். பழைய கட்டிலுதான. எவன் வந்தாலும் நமக்கு இதுதான். மூட்டை அடுக்கிப் பழகியாச்சு."

எல்லா வீட்டிலும் இதே கதை. தண்ணீர் வரவில்லையா, கேன் வாங்கிக்கொண்டார்கள். கரண்ட் இல்லையா, பேட்டரி வாங்கிக்கொண்டார்கள். பஸ் நின்றபோது பைக்குக்குத் தவணை கட்டினார்கள். அட்ஜஸ்ட் செய்துகொள்வதில் இந்த ஜனங்களை மிஞ்ச உலகத்திலேயே ஆள் கிடையாது.

அளவை மையத்தில் வெயிலில் நீண்ட வரிசை. எஸ்தர் ஒவ்வொரு அடிக்கல்லாக நினைத்துக்கொண்டே நகர்ந்தாள். அவள் முறை வந்தது. உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினாள். கோபமே வா, வா என்று கூப்பிட்டாள். வந்தது ஒரு கொட்டாவி.

திரையில் எண் எழுந்தது: ஒன்பது. கீழே பச்சை எழுத்தில், 'நிறைவான குடிமகள்'.

"மிஷினு கெட்டுப்போச்சு!" என்று கத்தினாள். "நானா நிறைவா இருக்கேன்? வீடு கடலுக்குள்ள போகப் போகுது சார்!"

அங்கிருந்த அதிகாரி அலுப்போடு நிமிர்ந்தார். "மிஷின் நல்லாத்தாம்மா இருக்கு. அதுக்குத் தெரிஞ்சது ரெண்டுதான். ரத்தம் கொதிச்சா கோவம், கொதிக்கலன்னா திருப்தி. சலிச்சுப்போன ஆளுக்கும் சந்தோஷமா இருக்கிற ஆளுக்கும் ரத்தம் ஒரே மாதிரிதான் ஓடுது."

"அப்ப இன்னொருக்க அளங்க. இப்ப நெசமாவே கோவமா இருக்கேன்!"

எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்த அசல் கோபம்.

"ஒருத்தருக்கு ஒருதடவைதாம்மா. அடுத்த ஆள் வாங்க."

பின்னால் நின்றவர்கள், "ஏம்மா, வெயிலு கொளுத்துது, வழி விடுங்க," என்று முணுமுணுத்தார்கள். அவள் விலகி நின்றாள். பால்துரைக்கு ஆறு வந்தது.

மாலையில் தெருமுனைப் பெருந்திரையில் பிரதமர் தோன்றினார். நாட்டின் சராசரி எட்டு. உலக வரலாற்றிலேயே இவ்வளவு மனநிறைவோடு எந்த மக்களும் வாழ்ந்ததில்லை என்று நாத்தழுதழுக்க நன்றி சொன்னார். கடலோர மக்கள் கடலோடு இணங்கி வாழப் பழகிவிட்டதால் கடற்சுவர்த் திட்டம் கைவிடப்படுகிறது என்றார். இத்தனை நிறைவான மக்களை ஆண்டுதோறும் வரிசையில் நிறுத்தித் தொந்தரவு செய்வது நியாயமில்லை. அடுத்த அளவை இனிப் பத்து ஆண்டுகள் கழித்துத்தான் என்றும் அறிவித்தார்.

எஸ்தர் லூர்தம்மாளின் முகத்தையே பார்த்தாள். இப்போதாவது ஒருவர் கத்திவிட மாட்டாரா என்றிருந்தது.

"நல்லதாப் போச்சு," என்றாள் லூர்தம்மாள். "வருஷா வருஷம் வெயில்ல நிக்கவேண்டாம்."

எஸ்தர் அவளைத் திட்டத்தான் வாயைத் திறந்தாள். வெளியே வந்தது ஒரு பெருமூச்சு. கால் இரண்டும் கடுத்தன. இனிப் பத்து வருஷத்துக்குக் கோபப்பட வேண்டியதில்லை என்று நினைத்ததும் மனசுக்குள் மெல்ல ஒரு நிம்மதி பரவியது. அதை நினைத்து அவள் பயந்துபோனாள். அந்தப் பயமும் வீட்டு வாசலை எட்டுவதற்குள் அடங்கிவிட்டது.